அண்ணி தைத்து மூடிய சோபா

எங்கள் அண்ணிக்குத் தெருவில் சோபாக்காரம்மா என்று பெயர். சொந்தப் பெயர் என்ன என்று கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். வீட்டு முன்னறைதான் அவருடைய பட்டறை. கிழிந்த சோபாவும் ஸ்பிரிங் துருத்திக்கொண்ட நாற்காலியும் உள்ளே வரும். புது மாப்பிள்ளை மாதிரி மினுமினுத்துக்கொண்டு வெளியே போகும். அதே வீட்டில் நாங்கள் மூன்று பேர் உட்கார ஒரு உருப்படியான நாற்காலி கிடையாது. ஒரு முக்காலி, அதுவும் ஆடும். இதை நான் சொன்னால் அண்ணிக்குக் கோபம் வரும். சொல்லாமல் இருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

அண்ணன் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறார். ஊரார் கண்ணையெல்லாம் அளந்து சொல்கிறவருக்கு வீட்டில் தன் செருப்பு எங்கே கிடக்கிறது என்று தெரியாது. நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். நாள் முழுக்க அடுத்தவர் உயிரைக் கையில் வைத்திருக்கிற பயத்தில் தொண்டை கிழியக் கத்துகிற வேலை. அதனால் வீட்டுக்கு வந்தும் என் குரல் கொஞ்சம் ஓங்கியேதான் இருக்கும். அண்ணி மட்டும்தான் அதற்குப் பயப்படுவதில்லை. ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்ப்பார். அவ்வளவுதான், நான் அடங்கிவிடுவேன்.

அவர் வேலையில் எனக்குப் பிடித்தது, பழைய சோபாவின் வயிற்றைத் திறக்கிற நேரம். சீப்பு வரும், சாவி வரும், ஒற்றைத் தோடு வரும். பல் டாக்டரம்மாவின் வீட்டுச் சோபாவைத் திறந்தபோது ஒரு முழுப் பல்செட் வந்தது. அவருடைய அப்பா அதைத் தேடி வீட்டையே புரட்டிப்போட்டிருந்தாராம். பல் டாக்டர் வீட்டிலேயே பல் காணாமல் போனதை நினைத்து நினைத்து ஒரு வாரம் சிரித்தோம். அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. கழுவித் துடைத்துப் பட்டுத்துணியில் சுற்றி நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார். திறக்கும்போது மட்டுமல்ல, மூடும்போதும் அவருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. சோபாவின் அடிப்பக்கத்தை மூடுகிற அடித்துணியை ஆணி வைத்து அடிப்பதற்கு முன்னால் வலது கையைத் தோள்வரை உள்ளே விட்டு, ஒரு மூலை விடாமல் துழாவுவார். அடுத்தவர் பொருள் உள்ளே இருந்தால் அந்தச் சோபாவில் யாருக்கும் நிம்மதியாக உட்கார வராது என்பது அவர் கட்சி. அவர் கைக்குத் தப்பி ஒரு குண்டூசிகூட உள்ளே தங்கியதில்லை. நான் சொல்லப்போகும் நாள்வரை.

இனி பொத்தான். அது எங்கள் நாய். முழங்கால் உயரம்கூட இல்லை. சோபா முதுகில் வைத்துத் தைக்கிற உருண்டைப் பொத்தான் போல இருந்ததால் அண்ணி வைத்த பெயர். பெட்டை. அவளைப் போல ஒரு சோம்பேறியை நான் பார்த்ததில்லை. அண்ணியின் காலடியில் வெட்டிப்போட்ட ஃபோம் துண்டுகள் மேல் படுத்தால் படுத்ததுதான். ஆணி அடிக்கும் இயந்திரத்துக்குக் காற்று கொடுக்கிற கம்ப்ரசர், பக்கத்து வீட்டுச் சுவர் அதிர அதிர உறுமும். பொத்தான் ஒரு காதைக்கூடத் தூக்கமாட்டாள். தபால்காரரைப் பார்த்துக் குரைக்காத நாய் எங்கள் தெருவில் இவள் ஒருத்திதான்.

அப்படிப்பட்டவள் மூன்று குட்டி போட்டாள். பால் மறந்து கஞ்சி குடிக்கிற பருவம் வந்ததும் குட்டிகளுக்கு வீடு பார்த்தோம். முதல் குட்டியைக் காய்கறிக் கடைக்காரர் வாங்கிக்கொண்டு போனார். அடுத்ததை முடி வெட்டுகிறவர் சட்டைக்குள் போட்டுக்கொண்டு போனார். அன்றைக்கு அண்ணி வாசலில் சிரித்து வழியனுப்பிவிட்டு உள்ளே வந்து, ஃபோம் குவியலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். அன்றிலிருந்து வீட்டில் குட்டி என்ற பேச்சை யாரும் எடுப்பதில்லை. மிச்சமிருந்த கடைக்குட்டி சரியான தூங்குமூஞ்சி. அம்மாவையே தோற்கடிக்கும். அதைப் பாட்டு டீச்சருக்குத் தருவதாகச் சொல்லியிருந்தோம். அவர் பின் தெருவில் தனியாக இருக்கிறவர். வந்து எடுத்துக்கொள்ளட்டும், வீட்டில் இருக்கிறவர் சத்தமில்லாமல் கொடுத்துவிடலாம், அண்ணி முன்னால் அதைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்று நானும் அண்ணனும் கண்ணாலேயே முடிவு செய்துகொண்டோம். அண்ணியும் தனக்குள் அதே முடிவுக்கு வந்திருந்தார் என்பது எங்களுக்குத் தெரியாது.

டீச்சர் காலையில் வருவதாக இருந்த அதே நாளில்தான் டாக்டரம்மாவின் புதுக் கிளினிக்குக்குச் சோபா போகவேண்டியிருந்தது. பல்செட்டைத் திருப்பிக் கொடுத்த கைக்கு அவராகத் தேடி வந்து கொடுத்த வேலை. மூன்று பேர் சாய்ந்து உட்காரலாம். பச்சைத் துணி. இரண்டு கைப்பிடிகளும் தலையணை போல உருண்டு வந்து, முன்முகத்தில் விசிறி மாதிரி மடிப்பு மடிப்பாக விரியும். அந்த மடிப்பு சரியாக விழவில்லை என்று அண்ணி பிரித்துப் பிரித்துத் தைத்ததை நான் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு விசிறியை நம் ஊரில் வேறு யார் கையும் மடிக்காது. இதை அண்ணியிடம் நான் சொன்னதில்லை. தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வார்.

அன்று காலை நான் முதல் ஆளாகக் கிளம்பிவிட்டேன். அதன் பிறகு அண்ணி நூல் வாங்கக் கடைக்குப் போயிருக்கிறார். அண்ணன் குளித்துவிட்டு வந்து பார்த்தால் சமையலறை மூலையில் இருந்த கூடை காலி. சரி, இவள் போகும்முன் டீச்சரிடம் கொடுத்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். அண்ணி திரும்பி வந்து காலிக் கூடையைப் பார்த்தார். இவர் கொடுத்துவிட்டார் என்று நினைத்து, கூடையை எடுத்துப் பரணில் போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலையில் உட்கார்ந்தார். யாரும் யாரையும் கேட்கவில்லை. ஒருவர் மனது நோகக்கூடாதே என்று இன்னொருவர் காட்டிய அக்கறை எங்கே கொண்டுவந்து விட்டது பாருங்கள்.

மதியம் நான் காரை வாசலில் நிறுத்தியதும் பொத்தான் ஓடிவந்தாள். ஓடி வந்தாள் என்பதே பெரிய செய்தி. என் பேண்ட் நுனியைக் கவ்வி இழுத்தாள். உள்ளே ஓடினாள். திரும்பி வந்து மறுபடி இழுத்தாள். நான் சும்மா இரு என்று அதட்டினால் இருக்கமாட்டேன் என்கிறாள். குட்டி போட்ட பூனை மாதிரி என்று சொல்வார்களே, அந்த மாதிரி சோபாவைச் சுற்றிச் சுற்றி வந்தாள். மேலே ஏறி மெத்தையைத் தோண்டினாள். குதித்து இறங்கி அடியில் மூக்கை நுழைத்துத் தும்மினாள். அண்ணிக்கு உயிரே போய்விட்டது. டாக்டர் வீட்டுத் துணி, ஒரு நகம் பட்டால் நூல் பிரிந்துவிடும். பொத்தானைத் தூக்கித் தூரமாக விட்டார். அவள் அண்ணியின் எதிரே நின்று, நேராக முகத்தைப் பார்த்துக் குரைத்தாள். பிறந்ததிலிருந்து அண்ணியைப் பார்த்து அவள் குரைத்தது அதுதான் முதல் தடவை.

அண்ணி திகைத்துப்போய் அப்படியே நின்றார். காலையிலிருந்தே இப்படித்தானாம். அடித்துணி அடிக்கும்போது இயந்திரத்தின் குறுக்கே குறுக்கே வந்து விழுந்திருக்கிறாள். ஆணி அவள் காலில் பாய்ந்துவிடுமோ என்று பயந்து, அண்ணி அவளை ஒரு கையால் தள்ளிக்கொண்டே இன்னொரு கையால் அடித்து முடித்திருக்கிறார். கம்ப்ரசர் போட்ட சத்தத்தில் வேறு எதுவும் காதில் விழவில்லை.

சாப்பிட வந்த அண்ணன் தன் பங்குக்கு வைத்தியம் பார்த்தார். பொத்தானைப் பிடித்து மடியில் வைத்து, கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, பார்வையில் குறையில்லை என்றார். நாய்க்குக் கண்ணாடி போட்டு அனுப்பாமல் விட்டாரே என்று நான் சொன்னேன். எனக்குக் காதில்தான் சந்தேகம். பூச்சி ஏதாவது போயிருக்கும் என்று புரட்டிப் பார்த்தேன், ஒன்றுமில்லை. கடைசியில் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டோம். எடுத்த அம்மாள் நிதானமாக எல்லாம் கேட்டுவிட்டு, குட்டிகள் பிரிந்த நாய்க்குப் பால் கட்டிக்கொண்டு வலிக்கும், இப்படித்தான் நிலைகொள்ளாமல் தவிக்கும், ஈரத்துணி வையுங்கள் என்றார். நான் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அண்ணியும் கேட்டார். அவர் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு நானும் அண்ணனும் சட்டென்று வேறு பேச்சுக்குப் போனோம். எங்கள் வீட்டில் அப்போது வாயைத் திறந்து ஒருத்தர், கடைக்குட்டியை டீச்சரிடம் கொடுத்தது யார் என்று கேட்டிருந்தால் போதும்.

சரக்கு வண்டி வந்தது. பொத்தானைச் சமையலறையில் விட்டுக் கதவைச் சாத்தினோம். அவள் போட்ட ஓலத்தில் சோபா தூக்க வந்தவர்களே தயங்கி நின்றார்கள். தூக்கி ஏற்றி, கயிறு கட்டி, வண்டி தெருமுனை திரும்புகிற நேரம் அண்ணன் தண்ணீர் குடிக்கச் சமையலறைக் கதவைத் திறந்தார். அவ்வளவுதான். அவர் காலிடுக்கில் பாய்ந்து, முன்னறையில் பாய்ந்து, தெருவில் பாய்ந்து வண்டிக்குப் பின்னால் ஓடினாள். முழங்கால் உயரம் இல்லாதவள், அந்த ஓட்டம் எங்கிருந்து வந்ததோ. வண்டி பெரிய ரோட்டில் ஏறிப் போய்விட்டது. நாக்குத் தொங்கத் திரும்பி வந்தவள், முன்னறையில் சோபா இருந்த இடத்தில், வெறும் தரையில், மூக்கை வைத்து முகர்ந்து முகர்ந்து முனகினாள். எனக்கு இது பால் கட்டிய வலி இல்லை என்று தோன்றியது. என்னவென்று மட்டும் தெரியவில்லை.

அப்போதுதான் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பாட்டு டீச்சர். கையில் புதுப் பிரம்புக் கூடை. அதற்குள் அவரே பின்னிய கம்பளித் துண்டு.

"காலையிலயே வரணும்னு இருந்தேன்மா. ஒரு பொண்ணு பாட்டுப் படிக்க வந்துட்டா, கிளம்ப முடியலை. குட்டி எங்கே, தூங்குதா?"

அண்ணன் அண்ணியைப் பார்த்தார். அண்ணி அண்ணனைப் பார்த்தார். பிறகு இருவரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

"நீங்கதானே கொடுத்தீங்க?" என்றார் அண்ணி.

"நீ கொடுத்துட்டேன்னுல்ல நினைச்சேன்" என்றார் அண்ணன்.

அண்ணி தரையில் முனகுகிற பொத்தானைப் பார்த்தார். சோபா இருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

"நான் இன்னிக்குக் கையை விட்டுத் துழாவலை" என்றார். "இவ குறுக்கே வந்த கோபத்துல அப்படியே மூடிட்டேன்."

நான் கார்ச் சாவியை எடுத்துவிட்டேன். அண்ணன் சரக்கு வண்டிக்காரருக்குப் போன் போட்டார். அவர் வண்டி ஓட்டும்போது போனைத் தொடாத நல்ல மனிதர். வேறு நாளாக இருந்தால் நானே அவரைக் கூப்பிட்டுப் பாராட்டியிருப்பேன். டாக்டரம்மாவின் போன் யாரோடோ பேசிக்கொண்டே இருந்தது. அண்ணனை விடாமல் முயற்சி செய்யச் சொல்லிவிட்டு, டீச்சரை முக்காலியில் உட்காரவைத்துவிட்டு, அண்ணியும் நானும் காரில் ஏறினோம். யாரும் கூப்பிடாமலே பொத்தான் பின்சீட்டில் ஏறி நின்றாள்.

என் கார் சாதாரணக் கார் இல்லை. முன்னும் பின்னும் சிவப்பில் எல் போர்டு. ஓட்டுகிறவருக்குப் பக்கத்துச் சீட்டின் கீழே இன்னொரு பிரேக் உண்டு. படிக்கிறவர் தப்புச் செய்தால் சொல்லிக்கொடுப்பவர் மிதிக்க. அண்ணி உட்கார்ந்தது அந்தச் சீட்டில். நான் வேகமெடுத்தேன். எதிரே ஒரு சைக்கிள் வந்தது. ஐயோ என்று அண்ணி இரண்டு காலையும் ஊன்ற, கார் முக்கிக்கொண்டு நின்றது. பொத்தான் பின்னாலிருந்து பறந்து வந்து கியர் மேல் விழுந்தாள். அண்ணி, காலை எடுங்கள் என்று கத்தினேன். நான் ஒன்றும் பண்ணவில்லை என்று அவர் கத்தினார். மறுபடி எடுத்தேன். பஸ் திரும்பியது, அண்ணி ஊன்றினார், கார் நின்றது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்து, எல் போர்டைப் பார்த்து, பாவம் புதுசு என்று ஒதுங்கிப் போனார்கள். இத்தனை வருஷமாகக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவள் மானம் நடுரோட்டில் போனது. கடைசியில் அண்ணியைச் சீட்டின் மேலேயே சம்மணம் போட்டு உட்காரச் சொன்னேன். அதன் பிறகுதான் கார் காராக ஓடியது.

ஆனாலும் சிவப்பு விளக்கில் நின்றேன். நிற்காமல் போனால் நான் நான் இல்லை. ஸ்டியரிங்கை நெரித்துக்கொண்டு, அந்த விளக்கு பச்சையாக மாறுவதற்குள் எனக்கு எத்தனை யோசனை. சோபாவுக்குள் பஞ்சு இருக்கிறது, அது குட்டியின் மூக்கில் ஏறியிருந்தால்? ஸ்பிரிங் நழுவி மேலே விழுந்திருந்தால்? கயிறு கட்டி இழுத்தார்களே, அழுந்தியிருந்தால்? நான் எதையும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அண்ணி மட்டும் கையைப் பிசைந்துகொண்டு, தூங்குமூஞ்சி, தூங்கிக்கிட்டே இரு, தூங்கிக்கிட்டே இரு என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

கிளினிக் வாசலுக்கு வந்தால், சோபா அந்தரத்தில் தொங்குகிறது. மாடிப்படி குறுகல் என்று, இரண்டு கயிற்றில் கட்டி, பால்கனி வழியாக மேலே இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் சாய்ந்து மெல்ல ஆடியது. நான் காரை நிறுத்துவதற்குள் அண்ணி கதவைத் திறந்து இறங்கிவிட்டார். ஏற்றாதீர்கள், இறக்காதீர்கள், ஆட்டாதீர்கள் என்று ஒரே மூச்சில் கத்தினார்.

மேலே கயிற்றைப் பிடித்திருந்த வண்டிக்காரர் வியர்வை வழியக் கீழே பார்த்தார். "ஏத்தவும் வேண்டாம், இறக்கவும் வேண்டாம்னா நான் என்னம்மா பண்றது?"

பால்கனிதான் பக்கம். மெதுவாக மேலேயே இழுக்கச் சொன்னோம். பொத்தான் எங்களுக்கு முன்னால் படியேறிப் போய்விட்டாள். கட்டிலில் ஏறவே யாராவது தூக்கிவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறவள், படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினாள்.

மேலே புதுச் சுண்ணாம்பு வாசம். டாக்டரம்மா கையில் போனோடு, என்ன ஏதென்று புரியாமல் வந்தார். மறுநாள் திறப்பு, சுவரில் படம் மாட்டிக்கொண்டிருந்தார்கள். சோபாவை உள்ளே இறக்கியதும் அண்ணி அதைக் கவிழ்க்கச் சொன்னார்.

"டாக்டர், உள்ளே ஒரு உயிர் இருக்கு. சோபாவைப் பத்தி அப்புறம் என்னைத் திட்டுங்க."

டாக்டரம்மா தானே ஒரு முனையைப் பிடித்துக் கவிழ்த்தார். அண்ணி இடுப்பில் செருகியிருந்த குறட்டால் ஆணிகளைப் பிடுங்கி அடித்துணியைக் கிழித்துப் போட்டு, கையைத் தோள்வரை உள்ளே விட்டார். ஒரு மூலை, இன்னொரு மூலை, ஸ்பிரிங்குகளுக்கு நடுவே, முதுகுப் பக்கம். கை வெறுமையாக வெளியே வந்தது. மறுபடி விட்டார். ஒன்றும் இல்லை. ஒருவேளை வழியில் எங்காவது விழுந்துவிட்டதோ, இல்லை, சோபாவில் இல்லவே இல்லையோ என்று நான் நினைப்பதற்குள் பொத்தான் எங்களைத் தள்ளிக்கொண்டு வலது கைப்பிடிக்குப் போனாள். விசிறி மடிப்பின் மேல் மூக்கை வைத்து அழுத்தினாள். இப்போது குரைக்கவில்லை. திரும்பி அண்ணியைப் பார்த்தாள்.

கைப்பிடிக்குள் பஞ்சு அடைத்த பொந்து. அடிப்பக்கம் திறந்திருந்தபோது உள்ளே போன குட்டி, வண்டியில் ஏற்றும்போதும் கயிற்றில் சாய்ந்தபோதும் மேலும் உள்ளே நழுவியிருக்கிறது. அடிவழியாகக் கை அங்கே எட்டாது. அண்ணி காதை வைத்துக் கேட்டார். சத்தமே இல்லை. இடுப்பிலிருந்த கத்தியை எடுத்தார். பிரித்துப் பிரித்துத் தைத்த அந்த விசிறியின் நடுவில், கண்ணை மூடித் திறக்கிற நேரத்தில், மேலிருந்து கீழாக ஒரே கிழி. பஞ்சைக் கை கையாக அள்ளி எறிந்தார். ஒரு வால் தெரிந்தது.

குட்டி ஈரமும் வெப்பமுமாகத் துவண்டு வந்தது. வாயெல்லாம் பஞ்சு. தலை அண்ணியின் உள்ளங்கையில் சாய்ந்து கிடந்தது. டாக்டரம்மா குட்டியை வாங்கிக்கொண்டார். விரலை விட்டு வாயிலிருந்த பஞ்சை வழித்து எடுத்தார். மேசையிலிருந்து, பல்லின் பின்பக்கம் பார்க்க வைத்திருப்பார்களே, காம்பு வைத்த குட்டிக் கண்ணாடி, அதை எடுத்துக் குட்டியின் மூக்கருகே பிடித்தார். நாங்கள் எல்லோரும் அந்தக் காசளவு கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தோம். வண்டிக்காரர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

கண்ணாடி மங்கியது. தெளிந்தது. மறுபடி மங்கியது.

"மூச்சு இருக்கு" என்றார் டாக்டரம்மா.

குட்டி ஒரு கண்ணைத் திறந்து, எங்கள் எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டு, வாயைப் பிளந்து ஒரு பெரிய கொட்டாவி விட்டது. நான் வீறிட்டுக் கத்தினேன். வண்டிக்காரர் சிரித்தார். நான் அழுதேன் என்று அண்ணி பிறகு வீட்டில் சொன்னார். நான் அழவில்லை, பஞ்சு கண்ணில் பட்டது.

டாக்டரம்மா குட்டியைத் தரையில் விட்டதும் பொத்தான் அதை நக்கி நக்கி எடுத்தாள். பிறகு கழுத்துத் தோலைக் கவ்வினாள். எங்களைத் தாண்டி, அண்ணியையும் தாண்டி, பல் பிடுங்கும் நாற்காலிக்குப் பின்னால் இருட்டான மூலைக்குக் கொண்டுபோனாள். குட்டியைச் சுவரோரம் வைத்துவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி, மறைத்துக்கொண்டு படுத்தாள்.

அண்ணி தரையில் உட்கார்ந்துவிட்டார். "நான் மூடினது இருக்கட்டும். இவ அதைச் சோபாவுக்குள்ள வச்சதே என்கிட்டேருந்து ஒளிக்கத்தான்" என்றார்.

இரண்டு குட்டிகளை அவள் கண்முன்னாலேயே தூக்கிக் கொடுத்தோம். மூன்றாவதற்கு அவள் தனக்குத் தெரிந்த வீட்டிலேயே நல்ல இடமாகப் பார்த்து வைத்திருக்கிறாள். பஞ்சு இருந்தது, இருட்டு இருந்தது, அண்ணியின் வாசம் இருந்தது. ஒளித்த இடத்தையே அண்ணி மூடியதும் ஓடி ஓடி எங்களிடமே வந்து சொல்லியும் இருக்கிறாள். நாங்கள்தான் அது புரியாமல் அவள் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தோம்.

திரும்பும்போது அண்ணி முன்சீட்டில் ஏறவில்லை. பின்னால், கால் வைக்கிற இடத்தில் ஒடுங்கிப் படுத்திருந்த பொத்தானுக்கு எதிரே குந்தி உட்கார்ந்துகொண்டார். கொடுக்கமாட்டேன், சத்தியமாகக் கொடுக்கமாட்டேன் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். பொத்தான் அவரை வைத்த கண் வாங்காமல் பார்த்தாளே தவிர, குட்டி மேலிருந்த காலை எடுக்கவில்லை.

வீட்டில் டீச்சர் அதே முக்காலியில், அது ஆடாமல் இருக்க ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அண்ணி நடந்ததைச் சொல்லி, இந்தக் குட்டியைத் தர முடியாது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். டீச்சர் முகம் வாடியது. எனக்கு அவர் மேலும் பாவமாக இருந்தது. அந்தக் கம்பளியை எத்தனை சாயங்காலம் உட்கார்ந்து பின்னினாரோ. அவர் கூடையைத் தரையில் வைத்தார். "இதையாவது வச்சுக்கம்மா, குட்டிக்குத்தானே பின்னினேன்" என்றார். பொத்தான் வந்து கூடையை முகர்ந்தாள். குட்டியை உள்ளே போட்டாள். தானும் ஏறிப் படுத்துக்கொண்டாள். கூடை பிதுங்கியது. அதைப் பார்த்து முதலில் சிரித்தது டீச்சர்தான். கூடையைப் பார்க்க வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு இப்போது தினமும் வருகிறார்.

மறுநாள் விடிந்ததும் கிளினிக்குக்குப் போனோம். கிழிந்த இடத்தை மறைத்து ஒட்டுப்போட்டால் போதும் என்று டாக்டரம்மா சொன்னார். அண்ணி கேட்கவில்லை. புதுத் துணி வெட்டி, விசிறியை முதலிலிருந்து மடித்தார். பொத்தான் குட்டியை விட்டு நகரமாட்டாள் என்பதால் கூடையோடு அவர்களையும் கூட்டிப் போயிருந்தோம். நான் ஆணி எடுத்துக் கொடுக்கிற கூலியாள்.

எல்லாம் முடிந்து அடித்துணி ஒன்றுதான் பாக்கி. அண்ணி கையைத் தோள்வரை விட்டுத் துழாவினார். ஒருமுறைக்கு இருமுறை துழாவினார். துணியை எடுத்தவர் அடிக்காமல் யோசித்தார். பிறகு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து பொத்தானைக் கூப்பிட்டார்.

"உள்ளே ஏதாவது இருக்கான்னு நீ ஒருதடவை பார்த்துட்டு வா."

நாய்க்கு என்ன புரியும் என்று நான் வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். பொத்தான் கூடையிலிருந்து எழுந்தாள். திறந்து கிடந்த சோபா வயிற்றைப் பார்த்தாள். குட்டியைப் பார்த்தாள். டாக்டரம்மாவை, என்னை, வாசலை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். குட்டியின் கழுத்தைக் கவ்விக்கொண்டு நேராக அண்ணியிடம் வந்தாள். அதை அவர் மடியில் போட்டாள். போட்டுவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல், சோபாவுக்குள் நுழைந்தாள்.

அண்ணி மூச்சுக்கூட விடவில்லை. இரண்டு கையையும் குட்டியைச் சுற்றிக் குவித்துவைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, துடைக்கக் கை இல்லை. உள்ளே பொத்தான் முகர்கிற சத்தம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போனது. ஒரு தும்மல். வெளியே வந்தாள். அண்ணியின் மடியை எட்டிப் பார்த்தாள். குட்டி தூங்கிக்கொண்டிருந்தது. பொத்தான் அதை எடுக்கவில்லை. பக்கத்தில் கிடந்த ஃபோம் துண்டின் மேல் சுருண்டு படுத்து, பழையபடி குறட்டை விட ஆரம்பித்துவிட்டாள்.

"நீ அடி" என்றார் அண்ணி என்னிடம். "என்னால எழுந்திருக்க முடியாது."

அப்படித்தான் அந்தச் சோபாவின் அடித்துணியை நான் அடிக்கும்படி ஆனது. கோணல்மாணலாகத்தான் இருக்கிறது. யாரும் கவிழ்த்துப் பார்க்காமல் இருந்தால் சரி.